மூன்றாவது இடத்தில் ஒரு நத்தை

பத்துக் கார்ட்டூன் படப் பட்டியலில் பத்தாவது இடம் முள்ளெலிக்கு. கிழிந்துபோன மழைமேகத்தைத் தைத்துக் கொடுக்கக் கிளம்புகிற முள்ளெலி. தன் முதுகு முள்ளையே பிடுங்கி ஊசியாக்கிக்கொள்ளும், பிடுங்கும்போது பாட்டு வேறு பாடும். சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா அந்தப் பாட்டில் ரெண்டு வரியை ராகம் போட்டு இழுத்துவிட்டு, "இத நம்ம வீட்டுல எத்தன வாட்டி பாத்திருப்போம்!" என்று கேமராவைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். ஒரு வாட்டி. அதுவும் பாதி. கரண்ட் போனதோடு சரி, மிச்சக் கதை என்னவென்று இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அகிலாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள். "ஆமா, ஆமா," என்றார் அப்பா. "ஆமா," என்றான் தம்பி சர்வேஷ், 10 என்று எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ஆமா," என்றாள் அகிலாவும். சோபாவில் அதுதான் விதி. படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் வீட்டில் நடந்ததாக ஒருத்தர் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் மறுக்கக் கூடாது, ஆமா போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். மறுத்தால் ஓட்டம் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து சிரிக்க வேண்டும். ஏற்கெனவே வேர்த்து ஊற்றுகிறது. மைக்கில் இரைச்சல் விழும் என்று ஃபேனை நிறுத்தியாயிற்று, ஜன்னலைச் சாத்தி அதன்மேல் போர்வையும் தொங்கவிட்டாயிற்று. வீட்டுக்கு வீடு குழந்தைகள் சோறு இறங்குவதற்காகப் போனில் பார்க்கிற 'சோபா குடும்பம்' சேனல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உறையூர் மாடி வீட்டில் வெந்துகொண்டிருந்தது. அகிலாவின் முழங்காலுக்குப் பின்னால் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. சொறியக் கூடாது. சொறிந்தால் அதையும் வெட்ட வேண்டும், வெட்டப் போவதும் அவள்தான்.

"இப்ப நம்ம கோவக்கார அக்கா என்ன சொல்றாங்கன்னு பாப்போம்," என்று அப்பா கையை நீட்டினார். அதுதான் அகிலாவின் வேலை. மற்ற மூணு பேரும் உருக வேண்டும், இவள் சீற வேண்டும். "முள்ளப் புடுங்கினா ரத்தம் வரும். அது பாடுது. லூசு முள்ளெலி," என்றாள். அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு மனப்பாடம். கம்ப்யூட்டரில் அதன் ஒலிக்கோடு எப்படி ஏறும் எப்படி இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவாள். மூணு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடு. முள்ளெலிக்கும் அதேதான், ஒட்டகத்துக்கும் அதேதான், பெரியப்பா செத்த மறுவாரம் எடுத்த வீடியோவிலும் அதேதான். முதல் தடவை மட்டும் அப்படி இல்லை. முதல் தடவை இது சேனலே இல்லை, நிஜச் சண்டை. அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம். பகல் முழுக்க நாலு பேரும் ஒரே பாயில் கிடந்து கார்ட்டூன் படமாகப் பார்த்துத் தீர்த்தார்கள், எது பெஸ்ட் என்று பேச்சு வந்தது, பதிமூணு வயசு அகிலா "அந்த அணில் படம் குப்பை, குப்பை, குப்பை" என்று ஒவ்வொரு குப்பைக்கும் தலையணையால் அப்பாவை ஒரு போடு போட்டாள். அம்மா விளையாட்டாக அதைப் போனில் பிடித்துப் போட்டுவிட்டாள், ஒரு வாரத்துக்குள் முகம் தெரியாத ஜனமெல்லாம் பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்றது. கோபத்தை வாராவாரம் எங்கே போய் வாங்குவது? வராத வாரத்திலும் வரவழைத்தாள். பிறகு அது பழகிவிட்டது. இப்போது அவளுக்கு நிஜமாகவே கோபம், மாசக்கணக்கில், வயிற்றுக்குள் யாரோ அடுப்பை அணைக்க மறந்துவிட்டுப் போன மாதிரி, ஆனால் எதைச் சொன்னாலும் வீடியோவுக்குக் கீழே வந்து எழுதுகிறார்கள், அக்கா செம, அக்கா நடிப்பு வேற லெவல். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் அம்மாவே, "இங்க கேமரா இல்லடி, யாருக்குக் காட்டற?" என்கிறாள். ஒரு மனுஷி கோபப்படுவதற்குக்கூட வேறு முகம் தேட வேண்டியிருக்கிறது.

ஒன்பது, பெங்குயின் குடும்பம். ஊரே பனி, அந்த ஊரில் ஐஸ் விற்கப் பார்க்கும் முட்டாள் பெங்குயின்கள். பிழைப்பு ஓடாமல் அப்பா பெங்குயின் கடல் தாண்டிப் போகும், கடைசியில் திரும்பி வரும், எல்லோரும் இறக்கையால் கட்டிக்கொள்வார்கள். பட்டியல் போட்டது அம்மா. அகிலா நேற்றே எண்ணிப் பார்த்துவிட்டாள், பத்துப் படத்தில் எட்டில் அப்பன் திரும்பி வருகிறான். அம்மாவுக்கு வெட்கமே கிடையாதா? ஒருத்தன் வீட்டை விட்டுப் போய் ஏழெட்டு மாசம் ஆகிறது, கோயம்புத்தூரில் வேலை என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம், வீடியோ எடுக்க மட்டும் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு பஸ் ஏறி வருகிறான், அவன் முன்னால் திரும்பி வருகிற பெங்குயினாகவும் திரும்பி வருகிற ஒட்டகமாகவும் தேடித் தேடி வைத்து, "எனக்கு ரொம்பப் புடிச்ச சீன் இது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வேலைக்காகப் போனதாகச் சர்வேஷ் நம்புகிறான். எட்டு வயசு, நம்பாமல் என்ன செய்வான். அகிலா அன்றைக்கு அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தாள். அப்பா, "என்னால முடியல வசு, மூச்சு முட்டுது," என்று சொன்னதையும், அம்மா கையிலிருந்த கரண்டியைக் கழுவிக் கழுவி வைத்ததையும் பார்த்தவள். யார் என்ன, எதனால், ஒன்றும் கேட்கவில்லை அம்மா. கேட்டிருக்க வேண்டாமா? காய்கறிக்காரனிடம் கத்தரிக்காய் சொத்தையா என்று நாலு தரம் கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை. "கொஞ்ச நாள் தனியா இருந்துட்டு வரட்டும்," என்றாள். இந்த வாரம் பூராவும் இன்னொன்று சொன்னாள். இந்த ஞாயிறு வருகிறவர் திரும்பிப் போகப் போவதில்லை. போனில் அப்படித்தான் சொன்னாராம், 'பாத்துக்கலாம், வரேன்' என்று. பாத்துக்கலாம் என்றால் வருகிறேன் என்று அர்த்தமாம். பீரோவில் ஒரு தட்டைக் காலி பண்ணி, பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுசு விரித்து, அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறாள். சர்வேஷ் வேன் டிரைவரிடம் சொல்லிவிட்டான், டியூஷன் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டான், எதிர்வீட்டு நாயிடம்கூடச் சொல்லியிருப்பான். காலையில் அப்பா படியேறி வந்தார். தோளில் ஒரு சின்னப் பை. லேப்டாப் வைக்கிற பை. அவ்வளவுதான்.

அந்தப் பைதான் அகிலாவை உறுத்துகிறது. தங்க வருகிறவன் அந்தப் பையோடு வருவானா? அதில் என்ன பிடிக்கும், ஒரு சட்டை, ஒரு சார்ஜர். "மிச்ச சாமானெல்லாம் லாரில வரும்," என்று அம்மா தானாகவே சொல்லிக்கொண்டாள், யாரும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்த அப்பாவை அகிலா ஃபிரிட்ஜ் பக்கத்தில் மறித்தாள். "தங்கறீங்களா, போறீங்களா?" அவர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். "மொதல்ல ஷூட்ட முடிப்போம் பாப்பா." முடிப்போம் என்றால்? பாத்துக்கலாம் என்றால் வருகிறேன், முடிப்போம் என்றால் என்ன? இவர் பேசுவதற்கு அம்மா மாதிரி ஒருத்தி பக்கத்தில் நின்று பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. போனால் போகட்டும். சத்தியமாக, போனால் போகட்டும், அவளுக்கு ஒன்றுமில்லை, அவள் பாட்டுக்கு பிசிக்ஸை மறுபடி எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிடுவாள். பிளஸ் டூவில் அது ஒன்றுதான் போனது. அப்போது இவர்தான் சொன்னார், "விடு பாப்பா, காலேஜ் போறவன்லாம் என்னத்தக் கிழிச்சான், உன் கையில தொழில் இருக்கு." தொழில். அப்பாவின் பொய்ச்சிரிப்புக்கும் அம்மாவின் பொய்க்கண்ணீருக்கும் நடுவில் கத்தரிக்கோல் வைக்கிற தொழில். கூடப் படித்தவளுகள் ரோட்டில் பார்த்தால், "என்னடி, இன்னும் பொம்மைப் படம்தானா?" என்கிறாளுகள். ஆமாடி. பொம்மைப் படம்தான். உங்கள் வீட்டில் என்ன, எல்லோரும் ரத்தமும் சதையுமாகவா இருக்கிறீர்கள்?

"எட்டாவது!" என்று சர்வேஷ் கத்தினான். மணலுக்குப் பயப்படும் ஒட்டகக்குட்டி. "ஏழாவது!" நிலாவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த ஆந்தை. ஒட்டகத்துக்கு அகிலா, "மணல் பயம்னா பாலைவனத்துல ஏன் பொறந்த?" என்றாள், ஆந்தைக்கு, "ராத்திரி வேலைக்குப் போறவனுக்கு இவ்ளோ ஞாபக மறதி ஆகாது," என்றாள், ரெண்டுக்கும் தொடையைத் தட்டிச் சிரிப்பு வந்தது, மூணு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடு. நடுவில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடியது. அம்மா சிரித்த முகம் கலையாமல் கையை மட்டும் உயர்த்தினாள், நாலு பேரும் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார்கள். உறைவதும் அவர்கள் பழகிய வித்தைதான். இடையில் சத்தம் வந்தால் அசையக் கூடாது, அசையாமல் இருந்தால் வெட்டி ஒட்டியது தெரியாது. மிக்ஸி தேங்காயை அரைத்தது, நின்றது, மறுபடி அரைத்தது. அசையாமல் இருக்கிற அந்த நேரத்தில் அகிலா கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தாள். அப்பா, சர்வேஷ், அம்மா, இவள். சர்வேஷ் அப்பா பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அவருடைய அக்குளுக்குள்ளேயே போய்விட்டான். அப்பாவின் கை சோபாவின் முதுகில் நீண்டு கிடந்தது, விரல் நுனி அம்மாவின் தோள் பக்கம், தொடவில்லை, ஒரு விரற்கடை தள்ளி. அம்மா அந்த ஒரு விரற்கடையைத் தோலாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? நன்றாகத்தான் இருக்கும். அகிலாவே வெட்டும்போது சில சமயம் சத்தத்தை அணைத்துவிட்டு வெறும் படத்தை ஓடவிடுவாள், அப்போது யாரோ ஒரு குடும்பம், யார் வீட்டிலோ, இவ்வளவு பேர் இவ்வளவு பக்கத்தில், பொறாமையாக இருக்கும். த்தூ. தன்னைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிற பிழைப்பு.

மிக்ஸி நின்றது. ஆறு, ஐந்து, நாலு. தும்மினால் ஊர் நகர்ந்துபோகும் எருமைக்கு ஐந்தாவது இடம் கிடைத்தது, அதில் எருமை ஒரு தரம் தும்மியதும் அப்பாவும் சர்வேஷும் சேர்ந்து தும்மிக் காட்டினார்கள், ஒருத்தன் மூக்கை ஒருத்தன் பிடித்துக்கொண்டு, அது எழுதி வைத்ததில் இல்லை, அவர்களாகச் செய்தது. சர்வேஷ் சிரித்த சிரிப்பில் அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. அகிலாவுக்கும் வாய் கோணியது. அடக்கினாள். எரிச்சலாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. ஏனென்றால் அந்த நொடியில் அவளும் எண்ணிவிட்டாள், லாரியில் வரலாம், ஏன் வரக் கூடாது, சாமான் லாரியில் வருவதுதானே வழக்கம், சின்னப் பை என்றால் என்ன, முக்கியமானதை மட்டும் கையில் கொண்டுவருவார்கள். பீரோவின் அந்தத் தட்டில் சட்டைகள் இருக்கும், குளியலறையில் ஷேவிங் சோப்பின் வாசனை இருக்கும், சர்வேஷ் விடியற்காலையில் எழுந்து கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். அம்மா கரண்டியைக் கழுவிய கையைத் துடைத்துக்கொள்வாள். இப்படி எண்ணுவதற்கு அவளுக்கே அவளை அறைய வேண்டும் போல இருந்தது. நீயுமா? அம்மாதான் பெங்குயினை நம்புகிறாள், உனக்கு என்ன வந்தது? ஆனால் எண்ணம் அங்கே போய்விட்டது, ஈ மாதிரி, விரட்ட விரட்ட அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. தங்குவார். தங்க மாட்டார். தங்கினால் என்ன கேட்பது, தங்காவிட்டால் சர்வேஷிடம் யார் சொல்வது. யார் சொல்வது என்பதுதான் அவளுக்குப் பயம். அம்மா சொல்ல மாட்டாள், அவர் சொல்ல மாட்டார், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோ திரும்புகிற வரைக்கும் கை ஆட்டிவிட்டு அவன் திரும்பி இவள் முகத்தைத்தான் பார்ப்பான்.

"மூணாவது!" சர்வேஷ் அட்டையைத் தூக்கினான், விக்கலோடு. பட்டியல்படி மூணாவது கலங்கரை விளக்கம், கடலில் வழிதவறிய கப்பல்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிடுகிற விளக்கு, அம்மாவின் செல்லம். அம்மா வாயைத் திறந்தாள். "இரு வசு, இரு," என்றார் அப்பா. "எழுதினதுல வேற இருக்கு, நான் மாத்தறேன். மூணாவது எடம் அந்த நத்தைக்குத்தான் குடுக்கணும். இந்த லீவுல வந்துச்சே, மழைல நனையற பூச்சிக்கெல்லாம் தன்னோட ஓட்ட வாடகைக்கு விடுமே, அந்தப் படம்." "ஆமா, சூப்பர் படம்," என்றாள் அம்மா, யோசிக்காமல். "அதுல வெள்ளம் வரும்ல," என்று அப்பா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார், "எறும்புக் குஞ்செல்லாம் முழுகப் போகுது. நத்தை என்ன பண்ணும், ஓட்டக் கழட்டித் தண்ணில விட்டுரும், படகு மாதிரி. வெறும் ஒடம்போட நிக்கும் மழைல. அந்த எடத்துல எங்க குட்டிப்பய என்ன பண்ணினான் தெரியுமா? சத்தமே போடாம ஏறி என் மடியில உக்காந்துகிட்டான். சட்டை பட்டனுக்கு நடுவுல விரல விட்டுப் புடிச்சுகிட்டு, காதுகிட்ட வந்து கேக்கறான், ஓட்டக் கழட்டினா நத்தைக்கு வலிக்குமான்னு. தியேட்டரே இருட்டு. அந்த மூச்சு அப்படியே சூடா..." என்று சொல்லித் தன் இடது காதைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது. "அந்த ஒரு கேள்விக்கே மூணாவது எடம் குடுக்கலாங்க," என்றார்.

"ஆமாங்க," என்றாள் அம்மா, "அன்னிக்கு நாங்க எல்லாருமே..." பாதியில் அவள் வாய் நின்றது. சிரிப்பு நிற்கவில்லை. சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது. அகிலாவுக்கு முதலில் உறைத்தது வேறு, எவ்வளவு நல்ல டேக் என்றுதான் நினைத்தாள், தொழில் புத்தி. நாலு வருஷமாக இந்த மனுஷனின் முகத்தை எவ்வளவு ஓட்டியிருப்பாள், முன்னால், பின்னால், மெதுவாக, ஒரு இடத்தில்கூட இப்படிப் பேசியதில்லை. காதைத் தொட்ட அந்தக் கையை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. பொய்யே இல்லை. சுத்தமாக, ஒரு சொட்டுக்கூட. அப்புறம்தான் ரெண்டாவதாக உறைத்தது, படி இருக்கிறது என்று காலை வைத்து இல்லாமல் போகிற மாதிரி. நத்தைப் படத்தை இந்த வீட்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை. போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து சர்வேஷ் கேட்டான், அப்பா வந்ததும் நாலு பேரும் சேர்ந்து போகலாம் என்று அம்மா தள்ளிக்கொண்டே போனாள், வீடியோவுக்கும் ஆச்சு என்றாள், அவர் அந்த மாசம் ரெண்டு ஞாயிறும் வேலை இருக்கிறது என்று வரவில்லை, படம் தியேட்டரை விட்டே போய்விட்டது. சர்வேஷ் ஒரு நாள் பூராவும் அழுதான். சர்வேஷ் யார் மடியிலும் உட்காருகிறவன் இல்லை, தியேட்டரில் அவன் உட்காரவே மாட்டான், முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்ப்பான். காதில் கேட்கிறவன் இல்லை, எதுவாக இருந்தாலும் தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவான். அப்படியென்றால் மடியில் ஏறுகிற குழந்தை. பட்டனுக்கு நடுவில் விரல் விடுகிற குழந்தை, அது பழகிய விரல், முதல் தடவை பார்க்கிற ஆளின் சட்டைக்குள் எந்தக் குழந்தையும் விரல் விடாது. இருட்டில் அவர் மடி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மூச்சு முட்டுது என்று சொல்லிவிட்டுப் போனவர் அங்கே ஒரு குழந்தையின் மூச்சைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இவ்வளவு வீடியோ எடுத்து எடுத்து, இவ்வளவு படத்தை இந்தச் சோபாவில் பார்த்ததாகச் சொல்லிச் சொல்லி, எதை எங்கே யாரோடு பார்த்தோம் என்பதே அவருக்குக் கலங்கிவிட்டது. இங்கே நடந்ததாகவே நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அவருக்கு இன்னும் தெரியவில்லை. காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, நன்றாகப் பேசிவிட்ட திருப்தியோடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம அதப் பாக்கலயேப்பா," என்றான் சர்வேஷ். அட்டை இன்னும் தலைக்கு மேல் இருந்தது. அப்பா திரும்பினார். அகிலா பார்த்துக்கொண்டேயிருந்தாள், அவர் முகத்தில் அது வந்து சேர்வதை. வந்து சேர்ந்தது. "பாத்தமேடா," என்றார். "பாக்கல. நான் அழுதேன்ல, படம் போயிருச்சுன்னு?" "அது வேற படம். இது பாத்தோம். நீ தூங்கிட்ட." "மடியில உக்காந்தேன்னீங்க." "உக்காந்து, கேட்டுட்டு, அப்பறம் தூங்கிட்ட." "இன்ட்ரவல்ல என்ன வாங்கித் தந்தீங்க?" "டேய்," என்றாள் அம்மா, குரலில் இன்னும் சேனல் இருந்தது, "ஆமான்னு சொல்லுடா." அவன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். ரெண்டு பெரிய ஆட்கள், ரெண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள். அட்டை மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. "ஆமா," என்றான், விக்கல் மாதிரி. புருவத்தைச் சுருக்கி எதையோ தேடினான், உள்ளே, தான் போகாத ஒரு தியேட்டருக்குள். தன் நினைவையே நம்பாமல் தடவித் தடவிப் பார்க்கிற முகம், எட்டு வயசில் யாருக்கும் இருக்கக் கூடாத முகம். பிறகு அம்மாவைத் தாண்டி எட்டி இவளைப் பார்த்தான். "நான் தூங்கிட்டனாக்கா?"

ஆமா என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல், பழகிய சொல். சொன்னால் ரெண்டாவது இடம் வரும், முதல் இடம் வரும், பை பஸ் ஏறும் அல்லது ஏறாது, பீரோத் தட்டில் புதுக் காகிதம் அப்படியே இருக்கும், அம்மா லாரிக்காகக் காத்திருப்பாள், எல்லோரும் இன்னும் கொஞ்ச நாள். அம்மாவின் முழங்கை இவள் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது, வேண்டாம் வேண்டாம் என்று இடித்தது, அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் வேண்டாம் என்கிறாள். அவள் நம்பட்டும். அவளுக்கு வயசாகிவிட்டது, எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளட்டும். ஆனால் இந்தப் பயலை, முழித்துக்கொண்டிருந்தவனை, நீ தூங்கினாய் என்று சொல்லி அமுக்குவதற்கு இவர்கள் யார்? இன்றைக்கு ஆமா சொன்னால் அவன் இனி எதைக் கண்டாலும் கண்டேனா என்று மற்றவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். "இல்லடா," என்றாள் அகிலா. "பாத்தீங்களா, வந்துட்டாங்க கோவக்கார அக்கா!" என்று அப்பா கேமராவிடம் சொல்லித் தொடையைத் தட்டினார். மூணு மேடு. பள்ளம் வரவில்லை, பாதியில் அறுந்தது, ஏனென்றால் அகிலா கத்தவில்லை. கத்த வரவில்லை அவளுக்கு. இத்தனை மாசம் எரிந்தது எங்கே போனது என்று அவளே தேடினாள். "நீ தூங்கலடா சர்வேஷ்," என்றாள் மெதுவாக. "நீ அந்தப் படத்துக்குப் போகல. நாம யாரும் போகல. உனக்குச் சரியாத்தான் ஞாபகம் இருக்கு. அப்பா வேற யாரோடயோ போயிருக்காங்க."

மிக்ஸி மறுபடி ஓடியது. யாரும் கையை உயர்த்தவில்லை, ஆனாலும் நாலு பேரும் உறைந்துதான் இருந்தார்கள். அது நின்றதும் அம்மா முகத்திலிருந்து சிரிப்பை எடுத்தாள், ஒட்டியிருந்த பொட்டை எடுப்பது மாதிரி, தோலோடு. கத்தரிக்காய் கேட்கிற குரலில் கேட்டாள், "எத்தன வயசு அந்தப் புள்ளைக்கு?" "வசு, கேமரா ஓடுது." "ஓடட்டும். எத்தன வயசு?" அப்பா அவளைப் பார்க்காமல் அகிலாவைப் பார்த்தார், முதல் தடவையாகக் கெஞ்சுகிற மாதிரி. "பாப்பா, இத வெட்டிரு." "எங்கேந்துப்பா?" என்று கேட்டாள் அகிலா. சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை, எந்த இடத்திலிருந்து வெட்டுவது, இதிலிருந்தா, காதைத் தொட்ட இடத்திலிருந்தா, அதற்கும் முன்னால் போக வேண்டுமா, எவ்வளவு முன்னால்.  "நாலரை," என்றார் அப்பா, அம்மாவுக்கு, தரையைப் பார்த்து. "அவங்களோட புள்ள. என்னோடது இல்ல. அவங்க... நான் அங்கதான்..." அம்மா போதும் என்று கையைக் காட்டினாள். போர்வைக்குப் பின்னால் தெருவில் ஒரு ஆட்டோ திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டிருந்தது. சர்வேஷ் அவருடைய அக்குளிலிருந்து நகர்ந்து, அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். அழப் போகிறான் என்று அகிலா கையை நீட்டினாள். அவன் அழவில்லை. அவனுக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்கப்பா?" என்றான்.

"எதுக்குடா?"

"அந்தப் பாப்பா கேட்டுச்சுல்ல. ஓட்டக் கழட்டினா வலிக்குமான்னு."

 அப்பாவின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "வலிக்காதுன்னு சொன்னேன்," என்றார்.

சர்வேஷ் மடியில் கிடந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

"வலிக்கும்பா," என்றான்.